கொட்டாவி டாக்டர்

சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரகடம் வரைக்கும் ஊசி போட்டுத் தூங்க வைக்கும் டாக்டர்கள் நிறைய. ஊசியே இல்லாமல் ஒரு கிளினிக்கையே தூங்க வைத்தவர் எங்கள் கொட்டாவி டாக்டர் ஒருவர்தான். நிஜப் பெயர் வாசல் பலகையில் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை.

அங்கே நான் நர்ஸ். எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் என்பதால், டாக்டர் என்றால் விறைப்பாக இருப்பார் என்று நம்பி, முதல் நாள் கஞ்சி போட்ட சட்டையோடு போனேன். டாக்டர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து சோப்புக் குமிழி ஊதிக்கொண்டிருந்தார். எதிரே கிரிக்கெட் பந்து பட்டுக் கண் வீங்கிய ஒரு பையன். குமிழிகள் மேலே மிதந்து போக, அவன் கண்களும் பின்னாலேயே போயின. "ரெண்டு கண்ணும் சேந்து ஏறுது" என்று டாக்டருக்கு ஒரே சந்தோஷம். எலும்பு உடைந்திருந்தால் ஒரு கண் பாதியில் நின்றுவிடுமாம். ஒரு குமிழி செக்யூரிட்டி அண்ணன் மீசையில் போய் உட்கார்ந்தது. அது உடையும்வரை அவர் அசையவில்லை.

முகத்தில் அடிபட்டு வரும் பிள்ளைகளைக் கன்னத்தை உப்பச் சொல்வார், விசிலடிக்கச் சொல்வார். கடைசியில், "கண்ணு, எனக்குத் தூக்கமா வருது" என்று ஒரு கொட்டாவி விடுவார். பிள்ளையும் விடும். அந்த நேரத்தில் தாடை எப்படி இறங்குகிறது என்று பார்த்துக்கொள்வார். தொல்லை என்னவென்றால், நைட் ஷிப்ட் முடித்து வந்து காத்திருப்பவர்களையும் அந்தக் கொட்டாவி பிடித்துக்கொள்ளும். வரிசை முழுக்க ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துவிடுவார்கள். நான் ஒவ்வொருவராக எழுப்பி, பேஷன்டா, கூட வந்தவரா என்று கேட்பேன். சிலருக்கு அதுவும் மறந்திருக்கும்.

ஒருநாள் காலை, போன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் ஆறு வயது மகள் கயலைத் தூக்கிக்கொண்டு வந்தார். கம்பெனி பஸ்ஸிலிருந்து அப்பா இறங்குவதைப் பார்த்து ஓடிவந்தவள், மோவாய் சிமெண்டில் இடிக்க விழுந்திருக்கிறாள். வெட்டுக்காயத்தின் மேல் கம்பெனி மஞ்சள் டேப்பை அளவாக ஒட்டியிருந்தார். அசெம்பிளி லைனில் அவர் வேலை, போன் மூடியில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது.

"கீறல் மட்டும்தான் சார். உள்ள எல்லாம் ஓக்கே. தழும்பு தெரியாம தெச்சி வுடுங்க, பொம்பளப் புள்ள."

மயக்கம், வாந்தி உண்டா என்று விசாரித்துவிட்டு, டாக்டர் தரையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டார். கயல் வாயை இறுக மூடிக்கொண்டாள். இன்னொன்று விட்டார். நான் விட்டேன். செக்யூரிட்டி அண்ணன் வாசலிலிருந்தே விட்டார். காத்திருந்தவர்கள் பாதிப்பேர் தூங்கிப்போனார்கள். அவள் மட்டும் அசையவில்லை.

"இன்னா சார், கொயந்த ரத்தத்தோட கீது, நீங்க தூங்கினு கீறீங்களே" என்றார் அப்பா.

"நீங்க நைட் ஷிப்ட்தான? ஒண்ணு வுடுங்களேன்."

"லைன்ல கொட்டாவி வுட்டா சூப்பர்வைசர் மொறைப்பாரு சார். முழுங்கி முழுங்கியே பழக்கமாப் போச்சி."

"இங்க சூப்பர்வைசர் இல்ல. வுடுங்க."

கூச்சத்தோடு வாயைத் திறந்தார். ஒரு ராத்திரி முழுக்க விழுங்கியதெல்லாம் மொத்தமாக வெளியே வந்தது. அப்படியொரு நீளமான கொட்டாவியை நான் பார்த்ததில்லை. செம்பரம்பாக்கம் ஏரியில் மதகைத் திறந்த மாதிரி. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த கயலின் உதடுகள் மெல்லப் பிரிந்தன. கொஞ்சம்தான் திறந்தது. அதற்குள் கீழ்த்தாடை நேராக இறங்காமல் இடப்பக்கம் நழுவியது. வலியில் அவள் அழுதாள்.

டாக்டரின் கொட்டாவி பாதியில் நின்றது. அதுவும் நான் பார்த்திராத ஒன்று. அவள் காதுகளுக்கு முன்னால் விரலை வைத்து, மெதுவாகச் சொன்னார்:

"தழும்பு பெரிய விஷயமில்லப்பா. மோவாய்ல பட்ட அடி காதோரத்துக்குப் போயிருக்கு. தாடை அங்கேருந்துதான் வளருது. கவனிக்காம வுட்டா, முகம் ஒருபக்கமாப் போயிடும், வாயும் பூட்டிக்கும்."

அப்பா, அவள் மோவாயில் தான் ஒட்டிய டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் காயத்தைத் தைத்து, சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். எக்ஸ்ரே படத்தில் முறிவு தெரிந்தது. ஆபரேஷன் தேவைப்படவில்லை. கொஞ்ச நாள் கூழ், மசித்த சோறு. கூடவே தினமும் வாயைத் திறந்து மூடும் பயிற்சி. தனியாகச் செய்ய மாட்டேன் என்று அவள் அடம்பிடிக்க, ஷிப்டுக்குக் கிளம்புமுன் அப்பாவும் எதிரே உட்கார்ந்து கொட்டாவி விட்டாராம். அவர்கள் குடியிருந்த லைன் வீடுகள் முழுக்க அது பரவி, ரெண்டு பேர் பஸ்ஸைக் கோட்டை விட்டதாகக் கேள்வி.

போன மாதம் டாக்டர் ஊரைவிட்டுக் கிளம்பினார். வழியனுப்ப எல்லோரும் வந்துவிட்டோம். கயலைப் பார்த்ததும் டாக்டர் தரையில் உட்கார்ந்து, "கண்ணு, எனக்குத் தூக்கமா வருது" என்றார். அவள் வாயை ஆவென்று திறந்தாள். தாடை நேராக இறங்கியது, நேராக ஏறியது. டாக்டர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு அவர் விட்டார், நாங்கள் எல்லோரும் விட்டோம். கொட்டாவி விட்டால் கண்ணில் தண்ணீர் வரும். அன்றைக்கு எங்களுக்கு அது வசதியாக இருந்தது.