சந்தியாகு (எ) ஜேம்ஸ்

2025 ஆகஸ்ட் 4, திங்கட்கிழமை காலை 11.20 மணிக்கு, மரக்காணத்தில் உள்ள ஐக்கியப் பெயர்ப் பதிவு மையத்தில் இரண்டு ஆண்கள் ஒரே ஆள் ஆனார்கள்.

மனித குலம் ஒன்று என்று ஞானிகள் காலங்காலமாகச் சொன்னார்களே தவிர, அதைக் கணினியில் ஏற்றிக் காட்டியவர் எவருமில்லை. அந்தக் குறையை மையத்தின் 'நாம ஐக்கியம்' மென்பொருள் தீர்த்துவைத்தது. ஒரே பெயர் மொழிக்கு மொழி வேடம் மாற்றித் திரிவதை அது பிடித்துவிடும். இங்கிலீஷ் ஜேம்ஸ், போர்த்துக்கீசியர் விட்டுப்போன சந்தியாகு, அரபு யாகூப் எல்லாம் பழைய யாக்கோபுதான். அறிஞர்கள் இதோடு நிறுத்திக்கொண்டார்கள். பெயர் ஒன்று என்றால் ஆளும் ஒன்று என்று துணிந்து முடிவெடுத்தது மென்பொருள் மட்டுமே.

உப்பளத் தொழிலாளி சந்தியாகுவின் மகள் ஜான்சிக்கும், உப்பு லாரியில் மூட்டை ஏற்றும் ஜேம்ஸின் மகன் ஜெரால்டுக்கும் முந்தின வாரம் கோயிலில் கல்யாணம். ஜெரால்டுக்குக் கத்தாரில் வேலை, வெள்ளிக்கிழமை விமானம். பதிவுச் சான்றிதழைக் கையோடு கொண்டுபோனால்தான் மனைவிக்கு விசா கேட்க முடியும்.

மைய அதிகாரி கார்த்திகேசன் திரையைப் பார்த்தார்.

"பொண்ணோட அப்பாவும் மாப்பிள்ளையோட அப்பாவும் ஒரே ஆளுங்க. அப்போ இவங்க அண்ணன் தங்கச்சி. பதிய முடியாது."

"சார், நான் இங்க நிக்கறேன். அவரு அங்க நிக்கறாரு," என்றார் சந்தியாகு.

"நிக்கறதெல்லாம் ஆதாரம் ஆகாதுங்க."

சந்தியாகுவின் மனைவி சகாயமேரி சம்பந்தியைக் கைகாட்டினார். "அப்போ இந்த ஆளு எனக்கு என்னா மொறை சார்? சொல்லிட்டீங்கன்னா சேர்த்தே ஒலை வெச்சிடறேன்."

ஜேம்ஸ் அவசரமாக இரண்டடி தள்ளி நின்றார்.

"கோட்டக்குப்பத்துல பிரியாணிக் கடை வெச்சிருக்கிற யாகூப்பும் நீங்கதான்னு காட்டுது," என்றார் அதிகாரி.

"அடப்பாவிங்களா! என் கடையிலயே என்கிட்ட காசு வாங்கிட்டானுங்களே!" என்றார் ஜேம்ஸ்.

பங்குச் சாமியார் ஞானஸ்நானப் பதிவேட்டைச் சுமந்துவந்தார். அந்தக் காலத்துச் சாமியாருக்கு லத்தீன் பித்து. சந்தியாகுவை 1968இல் 'யாக்கோபுஸ்' என்றும் ஜேம்ஸை 1971இல் 'யாக்கோபுஸ்' என்றும் எழுதிவைத்திருந்தார்.

"பாருங்க, ரெண்டு தடவை ஞானஸ்நானம் வாங்கியிருக்கீங்க," என்றார் கார்த்திகேசன். "அது வேற தப்பு."

ஆனாலும் அவர் இரக்கமுள்ளவர். வழி சொன்னார். "சாஃப்ட்வேர் உசுரோட இருக்கறவங்களத்தான் சேர்த்துப் பார்க்கும். ஒருத்தர் செத்துட்டா உடனே பதிஞ்சிடலாம்."

யார் சாவது என்பது குறித்து வராந்தாவில் இரு தரப்புப் பேச்சுவார்த்தை நடந்தது.

"பொண்ணு வீடுதான் எறங்கி வரணும். அதான் மொறை," என்றார் ஜேம்ஸ்.

"ஏம்பா, பந்தலு என்னுது, மேளம் என்னுது, சோறு என்னுது. சாவையாவது நீ ஏத்துக்கக் கூடாதா?"

"வெள்ளிக்கெழம ஃப்ளைட்டுப்பா," என்றாள் ஜான்சி.

சந்தியாகு சாகச் சம்மதித்தார்.

இருவர் உயிரோடிருப்பதை அரை நாளாக ஏற்க முடியாத மையம், சாவைப் பதினைந்து நிமிடத்தில் ஏற்றுக்கொண்டது. இறந்தவர் தம் விண்ணப்பத்தில் தாமே கையெழுத்திட்டார். ஒரே ஆள் என்பதால் ஜேம்ஸும் அதே சான்றிதழில் இறந்தார். தனி விண்ணப்பம் கேட்டு யாரும் அவரை அலைக்கழிக்கவில்லை. கோட்டக்குப்பத்து யாகூப்புக்கு இன்னும் தகவல் போகவில்லை.

கல்யாணப் பதிவுக்குச் சாட்சிகள் இருவர் வேண்டும். படிவத்தில் தகப்பன்மார் பெயரே முதலிலேயே அச்சாகியிருந்தது. எழுத்தர் சுலோசனா பேனாவை நீட்டி எண்ணினார்.

"ஒண்ணு, ரெண்டு. கரெக்டா இருக்குது. கையெழுத்துப் போடுங்க."

அமரர்கள் இருவரும் போட்டார்கள்.

ஜெரால்டு வெள்ளிக்கிழமை சான்றிதழுடன் விமானம் ஏறினான். அடுத்த திங்கட்கிழமை உப்பளத் தொழிலாளர் பட்டியலில் சந்தியாகுவும் இல்லை, ஜேம்ஸும் இல்லை. தாங்கள் உயிரோடிருப்பதாக இருவரும் சேர்ந்து ஒரே மனுவில் எழுதிக் கொடுத்தார்கள்.

இறந்தவர்கள் மனுக் கொடுக்க விதியில்லை என்று மையத்திலிருந்து பதில் வந்தது. இருவருக்கும் தனித்தனியாக.