சம்பந்தி தலைக்கு மேல் சீன விமானம்

போன வாரம் எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். பேரன் இனியனின் காதுகுத்துக்கு பிளக்ஸ் பேனர் அடிக்கச் சொல்லிவிட்டு வர வேண்டும்.

வீட்டம்மா வாசலிலேயே எச்சரித்தாள். "படமெல்லாம் வாட்ஸப்ல அனுப்பியாச்சு. பேரு சரியா இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வாங்க. அங்க நின்னு மீட்டிங் போடாதீங்க."

எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. என் மகள் கயலின் மாமனார் சித்தையன்கோட்டைக்காரர். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் மிலிட்டரி என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள்.

கயல் கல்யாணப் பந்தியில் அவருக்கும் செங்கொடிக்காரனான எனக்கும் சீன எல்லை குறித்து ஒரு சிறு விவாதம். ரசம் ஊற்றும்போது ஆரம்பித்தது. இலை எடுக்க வந்தவர்கள் பார்த்துப் பார்த்துத் திரும்பிப் போனார்கள். அன்றோடு பேச்சுவார்த்தை முறிந்தது. இடையில் மாட்டிக்கொண்டு முழிப்பது கயல்தான்.

அவளும் போன் போட்டாள். "அப்பா, நம்ம வீட்டு பேனர்ல மாமாவோட யூனிபார்ம் போட்டோ கட்டாயம் இருக்கணும். அதப் பாத்தாச்சும் மனசு எறங்குவாரு. இந்த ஒரு தடவ கெடுத்துராதீங்கப்பா."

அந்தப் போட்டோவில் சம்பந்தி விறைப்பாக நின்று சல்யூட் அடிப்பார். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் பர்வீன் என்கிற பெண் பிளக்ஸ் கடை நடத்துகிறார். போனதும் கம்ப்யூட்டரில் காட்டினார். நடுவில் பேரன் சிரிக்கிறான். இடப்பக்கம் முருகன். நான் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபித்தால் வீட்டில் சோறு கிடைக்காது. வலப்பக்கம் சல்யூட்டோடு சம்பந்தி. பெயரும் சரி.

அப்போதே கிளம்பியிருக்கலாம்.

கடை திறப்பு பேனருக்காகக் காத்திருந்த கோழிக்கடைக்காரர் செல்போனை நீட்டினார். "தோழரே, இதப் பாத்தீங்களா? சீனாக்காரன் புதுசா ஒரு சண்டை விமானம் விட்டுருக்கானாம். ரேடார்ல தெரியாதாம். வாலே இல்ல! ஆனா மூணு எஞ்சினு இருக்காம். எதுக்கு மூணு? ஒங்களுக்குத் தெரியாததா?"

இந்தக் கடைசிக் கேள்விதான் என்னைக் கவிழ்த்தது.

ஒரு காலத்தில் நான் வருகிறேன் என்றால் தாலுகா ஆபீஸ் கேட்டை இழுத்துப் பூட்டுவார்கள். இப்போது திறந்தே வைத்திருக்கிறார்கள். போனால், "உக்காருங்க பெரியவரே, தண்ணி குடிக்கிறீங்களா?" என்கிறார்கள். போராளிக்கு இதைவிட அவமானம் உண்டா? அப்படிப்பட்டவனைப் பார்த்து ஒருவர் கருத்துக் கேட்கிறார்!

நான் படித்த துண்டறிக்கை எதிலும் எஞ்சின் பற்றி ஒரு வரி கிடையாது. அதற்காகச் சும்மா இருக்க முடியுமா?

"ஒண்ணு போறதுக்கு. ஒண்ணு திரும்பி வாரதுக்கு. மூணாவது ஸ்டெப்னி!" என்றேன்.

"அட! அப்ப வாலு?"

"ரேடார் எதப் புடிக்கும்? வாலத்தான் புடிக்கும். வாலே இல்லன்னா?"

கோழிக்கடைக்காரர் வாயைப் பிளந்தார். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் வந்தார். ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரோடு வந்தார்கள். ஐந்து பேர் கூடிவிட்டால் என் கை தானாக உயர்ந்துவிடும்.

"பர்வீன், அந்தப் படத்தப் பெருசா போடும்மா. சனங்க பாக்கட்டும்!"

கோழிக்கடைக்காரர் வாட்ஸப்பில் அனுப்ப, பர்வீன் கம்ப்யூட்டரில் போட்டார்.

"இன்னும் பெருசா! செத்த மேல ஏத்து. ஆங், அப்படித்தான்! செவப்பு நட்சத்திரம் எங்க? அது நல்லாத் தெரியணும்ல?"

நட்சத்திரமும் வந்தது. என் கண்ணுக்கு விமானமும் நீல வானமும்தான் தெரிந்தன. அந்த வானம் பேனரின் வானம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"ஐயா, இது ஓகேவா? அடிச்சிரவா?" என்றார் பர்வீன்.

பேச்சு உச்சத்தில் இருந்தது. திரும்பிப் பார்க்காமலே, "பிரமாதம்!" என்று கையை வீசினேன்.

காதுகுத்து அன்று காலை பேனரை பர்வீனின் ஆட்களே கொண்டுபோய் சித்தையன்கோட்டை மண்டப வாசலில் சவுக்குக் கட்டையில் கட்டிவிட்டார்கள். நாங்கள் சிறுமலை வாழைப்பழமும் சீர்த்தட்டுகளுமாக மேளதாளத்தோடு வந்தோம். முன்னால் நான். தடை இல்லாமல் நான் நடத்திய ஒரே ஊர்வலம் அதுதான்.

வாசலில் பெருங்கூட்டம். எல்லாரும் பேனரை அண்ணாந்து பார்க்கிறார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

வீட்டம்மா மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, அது என்னங்க கருப்பா, வவ்வாலு மாதிரி?"

பார்த்தேன். முருகனைவிடப் பெரிதாக, செக்கச்சிவந்த நட்சத்திரத்தோடு, வால் இல்லாத சீன விமானம்! அதற்கு நேர் கீழே சம்பந்தி. விறைப்பான சல்யூட்.

ரேடாரில் தெரியாத விமானம் ஆத்தூர் ரோட்டிலிருந்தே தெரிந்தது.

கயல் ஓடி வந்தாள். கண்ணில் தண்ணீர். "அப்பா! மாமா சீனா விமானத்துக்கு சல்யூட் அடிச்சுக்கிட்டு நிக்கிறாருப்பா! அவரு குளிச்சுட்டு இன்னும் செத்த நேரத்துல வந்துருவாரு. நான் இந்த வீட்டுல எப்படிப்பா இருப்பேன்?"

பர்வீனுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"நீங்கதானய்யா பெருசாக்கு, மேல ஏத்து, நட்சத்திரம் தெரியணும்னீங்க? காதுகுத்துக்கு சிங்கம் கேக்குறாங்க, சடங்குக்கு ஹெலிகாப்டர் கேக்குறாங்க. நான் யாருகிட்டயும் காரணம் கேக்குறதில்லய்யா."

போனை வைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டினேன். தோள் துண்டால் விமானத்தை மூடிவிடலாம் என்று சவுக்குக் கட்டையில் ஏறினேன்.

துண்டு எட்டவில்லை. எட்டிய இடத்தில் முருகன் மூடிக்கொண்டார்.

கீழே ஒருவர், "தோழரு ஏதோ போராட்டம் பண்றாருப்பா!" என்றார். செல்போன்கள் உயர்ந்தன.

"முருகன எதுக்கு மூடுறாரு?"

"கொள்கையாம்!"

எவனோ ஒருவன் "தோழர் வாழ்க!" என்று கத்தினான். பழக்க தோஷம், நானும் "வாழ்க!" என்று கையை உயர்த்தினேன். ஒரு கை போனதும் உடம்பு சரிந்தது. கட்டையைக் கட்டிப்பிடித்துத் தொங்கினேன்.

"ஓய் சம்பந்தி, எறங்குங்க."

மேளம் நின்றது. கீழே மிலிட்டரி. பட்டு வேட்டி, முறுக்கிய மீசை. கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

இறங்கினேன். அவர் பேனரையே பார்த்தார். கயல் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அது சீனாக்காரனோடதா?"

"ஆமா சம்பந்தி."

"அதுக்குக் கீழ என்னைய எதுக்கு வச்சீங்க?"

மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டேன்.

கூட்டத்தில் ஒருவர் இளித்தார். "மிலிட்டரி மாமா சல்யூட்டுல்ல அடிக்கிறாரு!"

சம்பந்தி விருட்டென்று திரும்பினார். "ஏலே, எவன்டா அவன்? அது சல்யூட்டா? வெயில் கூசுதுன்னு கையைக் கண்ணுக்கு மேல வச்சுப் பாக்குறேன்டா! அம்புட்டு ரேடாருலயும் தப்பிச்ச விமானத்தக் கண்டுபுடிச்சது யாரு? இந்தச் சுபேதாரு! என்ன சம்பந்தி, அதுக்குத்தானே வச்சீங்க?"

கயல் என்னைப் பார்த்தாள். அவள் அப்பாவை அறிந்தவள். நான் எல்லைப் பிரச்சினையின் வரலாற்றை ஆரம்பத்திலிருந்து தொடங்கிவிடுவேன் என்று பயந்தாள்.

"ஆமா சம்பந்தி," என்றேன். "அதுக்குத்தான் வச்சேன்."

கூட்டம் கைதட்டியது. மேளக்காரர் வெளுத்துக் கட்டினார். சம்பந்தி என் தோளில் கைபோட்டு உள்ளே கூட்டிப் போனார். கயல் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். பேரன் மட்டும் காது குத்தியதற்காக அழுதான்.

பந்தியில் பக்கத்து இலை சம்பந்திக்கு. ரசம் வந்தபோது அவர் என் பக்கம் சாய்ந்தார். "ஆமா, அதுக்கு எதுக்கு சம்பந்தி மூணு எஞ்சினு?"

"தெரியாது சம்பந்தி," என்று சொல்லிவிட்டு ரசத்தைக் குடித்தேன்.

தெரியாது என்று நான் சொன்னது இதுதான் முதல் தடவை. தயவுசெய்து இந்தப் பதிவை யாரும் பகிர வேண்டாம்.