கோலாவின் கதிரை

தனி ஆளாக வாழ்பவனைப் பார்த்துக் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு. "எத்தனை பேர்?" சாப்பாட்டுக் கடை வாசலில் வேலைக்கு நிற்கும் பிள்ளைகள் இதைச் சிரித்துக்கொண்டுதான் கேட்பார்கள். "ஒருவர்" என்று சொன்னதும் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் இரக்கம் சேர்ந்துவிடும். அந்த இரக்கத்துக்குப் பயந்தே சிட்னிக்கு வந்த புதிதில் நான் எந்தக் கடையிலும் கதிரை இழுத்துப் போட்டு இருந்து சாப்பிட்டதில்லை. ஒரே ஒரு முறை துணிந்து போனேன். போன இடத்தில் ஒரு கோலாக் கரடியின் கதிரையைப் பறித்து, ஒரு சின்னப் பிள்ளையின் பிறந்தநாளையும் கெடுத்துவிட்டு வந்தேன்.

2011ஆம் ஆண்டு. அதற்கு இரண்டரை வருடம் முன்பு படகில் வந்து இறங்கியவன் நான். விசா கிடைத்த பிறகு வென்ட்வேர்த்வில்லில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் குடியிருந்தேன். குளிரூட்டிகள் விற்கும் ஒரு கொம்பனியின் களஞ்சியத்தில் வேலை. பெட்டிகளோடுதான் நாள் முழுவதும் பழக்கம். பெட்டிகள் பதில் சொல்வதில்லை. மனைவி வதனியும் இரண்டு பெண் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில், வதனியின் அண்ணன் வீட்டில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிடுவதற்கு நான் கொடுத்த விண்ணப்பம் ஏதோ ஓர் அலுவலகத்தில் ஆறுதலாக, மிக மிக ஆறுதலாக நகர்ந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கைப்பில் பேசுவோம். மூத்தவளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் நடந்தது எல்லாவற்றையும் ஒப்புவிப்பாள். பிரச்சினை இளையவள் அபி. நான் புறப்பட்டபோது அவளுக்கு ஒன்றரை வயது. அவளைப் பொறுத்தவரை அப்பா என்பது மாமாவின் மேசையில் இருந்த ஒரு பெட்டி. அதைத் திறந்தால் உள்ளே ஒரு மனிதர் "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்பார். பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டதும் அவள் குசினிக்குள் ஓடிவிடுவாள். "அப்பாவோட ஒரு வார்த்தை கதையம்மா" என்று வதனி கெஞ்சுவது எனக்குக் கேட்கும். அந்த ஞாயிறு இரவுகளில் எனக்குச் சாப்பாடு இறங்காது. என் பிள்ளைக்கு நான் யாரோ ஆகிக்கொண்டிருக்கிறேன் என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அவளே ஒரு நிபந்தனை போட்டாள். நான் அனுப்பிய கலண்டரில் ஒரு கோலாவின் படம் இருந்தது. அதைக் காட்டி, "அப்பா இந்தக் கரடியோட படம் எடுத்து அனுப்பட்டும். பிறகு கதைக்கிறன்" என்று தாயிடம் சொல்லிவிட்டாள். (நாலு வயதில் என்ன பேரம் பாருங்கள்.)

அந்த வாரமே என் மேற்பார்வையாளர் கிரெக் ஒரு உறையை நீட்டினார். சிட்னிக்கு வெளியே ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கான குடும்ப நுழைவுச்சீட்டு. இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள், மத்தியானச் சாப்பாடும் சேர்த்து. அங்கே யூக்கி என்ற ஆளுயரக் கோலா சாப்பாட்டு நேரத்தில் மேசை மேசையாக வந்து படத்துக்கு நிற்குமாம். "குடும்பத்தோட போயிட்டு வா" என்றார் கிரெக். எனக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று அவருக்கு முன்பு சொல்லியிருந்தேன். எங்கே இருக்கிறார்கள் என்று சொல்லுமளவுக்கு என் ஆங்கிலம் அப்போது எட்டவில்லை.

சனிக்கிழமை, என்னிடம் இருந்த ஒரே நல்ல சேர்ட்டை ஸ்திரி போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, கமராவுக்குப் புது பற்றரி வாங்கி, பெண் பார்க்கப் போகிறவன்போலப் புறப்பட்டேன். ரயில் ஒன்று, பஸ் இரண்டு. வாசலில் நின்ற பெண் நுழைவுச்சீட்டைப் பார்த்தாள். பிறகு என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"மற்ற ஆக்கள் வருகினமோ?"

"ஓம், வருகினம்" என்றேன். (பொய் இல்லை. பதினான்கு மாதம் கழித்து வந்தார்கள்.)

சொல்ல மறந்துவிட்டேன். அன்று வெள்ளைக்காரர்கள் பேசியதையெல்லாம் எங்கள் தமிழிலேயே போடுகிறேன். அவர்கள் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். எனக்குப் பாதிதான் விளங்கியது. அந்த மீதிப் பாதிதான் என்னைக் கவிழ்த்தது என்று பல வருடங்களாகச் சொல்லிவருகிறேன். வீட்டில் யாரும் நம்புவதில்லை.

சாப்பாட்டுக் கூடம் பெரியது. உணவை நாமே தட்டத்தில் வாங்கிக்கொண்டு போய் விரும்பிய இடத்தில் இருக்க வேண்டும். "எங்கை வேணுமெண்டாலும் இருங்கோ" என்று தட்டம் தந்த பிள்ளை சொன்னாள். இந்த ஒரு வசனம் மட்டும் எனக்கு முழுதாக விளங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

மீன் பொரியலும் சிப்ஸும் வைத்த தட்டத்தோடு அந்தக் கூடத்தை இரண்டு முறை சுற்றினேன். சுவரோரம், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், இரண்டு பேர் இருக்கக்கூடிய ஒரு சின்ன மேசை வெறுமையாக இருந்தது. என்னைப் போன்றவர்களுக்கென்றே போட்டதுபோல இருந்தது. ஆனால் அங்கே இருந்தால் கோலா வருமா? கல்யாண வீட்டிலேயே கடைசி மூலையில் இருப்பவனுக்குப் பாயாசம் வந்து சேராது. நடுக் கூடத்தில் பலூன் கட்டிய ஒரு நீள மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் இருந்தார்கள். ஏதோ பிறந்தநாள். கோலா எங்கே போகாவிட்டாலும் அங்கே போகும். அந்த மேசையில் ஒரு கதிரை காலியாக இருந்தது. மற்றவற்றைவிட நல்ல அகலம். கைப்பிடியில் ஒரு மஞ்சள் பலூன் வேறு.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணப் பட்டணத்தில் மத்தியானம் சோற்றுக் கடைக்குப் போனால் நாங்கள் மேசையைத் தேட மாட்டோம், கதிரையைத் தேடுவோம். நாலு பேர் மேசையில் மூன்று பேர் இருந்தால் நாலாவது ஆள் நான். அவர்கள் யார் எவர் என்ற விசாரணையெல்லாம் கிடையாது. "ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்துவிடுவோம். பதில் வருவதற்குள் சோறு வந்துவிடும். ஒரு குடும்பம் எடுத்த மேசை முழுவதும் அந்தக் குடும்பத்துக்குத்தான் என்பது எனக்கு யாரும் சொல்லித் தராத செய்தி.

நானும் முறைப்படி கேட்டேன். "ஓகே?" என்று கதிரையைக் காட்டினேன். பக்கத்தில் இருந்த சிவந்த முகத்து மனிதருக்கு வாய் நிறையச் சிப்ஸ். பெருவிரலை உயர்த்தினார். நான் இருந்துவிட்டேன். பலூன் முகத்தில் இடித்தது. அதை அவிழ்த்துப் பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் கொடுத்தேன். (இவ்வளவு பெருந்தன்மை எனக்கு.)

அவர்களும் வலு பண்பான சனம். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. பிறந்தநாள் பிள்ளையின் தாய் என்னைத் தகப்பனின் வேலையிடத்து ஆள் என்று நினைத்தாள். தகப்பன் என்னைத் தாயின் வேலையிடத்து ஆள் என்று நினைத்தார். விருந்தாளியிடம் "நீ யார்?" என்று கேட்பது அங்கேயும் மரியாதை இல்லைப் போலும். தாய் எனக்கு ஒரு கடதாசித் தொப்பி தந்தாள். போட்டுக்கொண்டேன்.

சிவந்த முகத்துக்காரரின் பெயர் டேவ். பிறந்தநாள் பிள்ளையின் மாமன்.

"உங்களுக்குப் பிள்ளையள் இருக்கோ?" என்று கேட்டார்.

பணப்பையிலிருந்து படத்தை எடுத்துக் காட்டினேன். அது மேசையைச் சுற்றிப் போனது. "ஐயோ, எவ்வளவு வடிவு" என்றார்கள். "ஏன் கூட்டிக்கொண்டு வரேல்லை?" என்று தாய் கேட்டாள்.

"சிறிலங்கா. விசா. வெயிட்டிங்" என்றேன். "டூ அண்ட் ஹாஃப் இயர்ஸ்."

அந்தத் தாய் எழுந்து வந்து ஒரு கோழித் துண்டை என் தட்டத்தில் வைத்தாள். என் தட்டத்தில் யாரோ ஒருவர் சாப்பாடு போட்டு இரண்டரை வருடம் ஆகியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாயே இல்லாத சாப்பாட்டுக்குக் கண்கலங்கியவன் அந்தக் கூடத்தில் நான் ஒருவன்தான். அதற்குப் பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. கையால் வாயால் எல்லாம் கதைத்தேன். டேவ் சொன்ன பகிடிகளுக்கு விளங்காமலே சிரித்தேன். நான் ஒரு வழிப்போக்கன் என்பதே மறந்துபோனது.

ஒரு மணிக்குப் பாட்டுப் போட்டார்கள். கோலா வந்தது. ஆளுயரம், பெரிய காது, மேசைக்கு மேசை கை அசைத்துக்கொண்டு நேராக எங்களிடம் வந்தது. நான் நினைத்தபடியே எனக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, கமராவை டேவிடம் கொடுத்து, "ஃபோட்டோ, ப்ளீஸ். மை டோட்டர்" என்றேன்.

கோலா என்னைக் காட்டியது. பிறகு கதிரையைக் காட்டியது. கைகுலுக்கக் கேட்கிறது என்று நினைத்து இரண்டு கையாலும் குலுக்கினேன். கோலா இல்லை என்று தலையை ஆட்டியது. கட்டிப்பிடிக்கச் சொல்கிறதாக்கும் என்று இருந்தபடியே கட்டிப்பிடித்தேன். உள்ளே இருந்த ஆளுக்கு வாய் திறந்து பேச அனுமதி இல்லையாம். பாவம், அது என் தோளைத் தட்டியது, கதிரையின் முதுகைத் தட்டியது, கடைசியில் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றது. கதிரையின் முதுகில் கோலா முகம் போட்ட ஓர் அட்டை ஒட்டியிருந்தது. அதைக் கூடத்தில் எல்லோராலும் பார்க்க முடியும், அதில் இருப்பவனைத் தவிர.

"அது யூக்கியின்ர கதிரை!"

பிறந்தநாள் பிள்ளை வீரிட்டது. அபியைவிட ஒரு வயது கூடியிருக்கும். அபியைப் போலவே முன்பல் இடைவெளி. கோலா தனக்குப் பக்கத்தில் இருந்து கேக் வெட்ட வேண்டும் என்பதற்காகவே கேட்டுப் போட்ட கதிரையாம். தாய் என்னை எழுப்பச் சொல்லித் தகப்பனைப் பார்த்தாள்.

"உங்கட வேலையிடத்து ஆள்தானே, நீங்களே சொல்லுங்கோ."

"என்ர ஆளோ? உம்மட ஆள் எண்டெல்லோ நினைச்சன்!"

"அப்ப இது ஆர்?" என்றார் டேவ். கை மட்டும் கமராவை அமத்திக்கொண்டே இருந்தது.

பத்துப் பேரும் ஒரு கோலாவும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன். "ஸொரி. எம்ப்டி செயார். ஐ ஸிட்" என்றேன். என் வாழ்க்கையின் மிகச் சுருக்கமான வாக்குமூலம் அதுதான். தாய் "பரவாயில்லை, இன்னொரு கதிரை போடுவம்" என்றாள். பிறந்தநாள் பிள்ளை, "இவர் போனாத்தான் கேக் வெட்டுவன்" என்று அழுதது. அதன் பக்கம் நியாயம் இருந்தது. நான் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு குப்பைத் தொட்டிக்குப் பக்கத்து மேசைக்குப் போனேன். அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தொப்பி இன்னும் தலையில் இருப்பது தெரிந்தது. இரண்டு கதிரையில் ஒன்றில் நான் இருந்தேன். மற்றதைப் பார்க்காமல் சாப்பிட்டு முடித்தேன். தனிமை எனக்குப் பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன். இல்லை. அரை மணித்தியாலம் ஒரு மேசையில் ஆளாக இருந்துவிட்டு வந்ததும் அது முதல் நாளைப்போலவே வலித்தது.

டேவ் கமராவையும் ஒரு துண்டுக் கேக்கையும் கொண்டுவந்து தந்து, தோளில் தட்டிவிட்டுப் போனார். உள்ளே ஒழுங்கான படம் ஒன்றே ஒன்று. நான் தொப்பியோடு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய, கதிரையில் இருக்கிறேன். பின்னால் கோலா இடுப்பில் கை வைத்து நிற்கிறது. பக்கத்தில் ஒரு பிள்ளை வாயைப் பிளந்து அழுகிறது.

இதை அனுப்புவதா என்று ஒரு நாள் முழுவதும் யோசித்தேன். வேறு படம் இல்லை. அனுப்பினேன். மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை ஸ்கைப்பைத் திறந்ததும் திரையில் வதனி இல்லை. மூக்கு ஒன்று மிகக் கிட்டத்தில் தெரிந்தது. அது பின்வாங்கி அபி ஆனது.

"அப்பா, எழும்புங்கோ" என்றாள். "அது கரடியின்ர கதிரை. பாருங்கோ, அந்தப் பிள்ளை அழுது."

என் மகள் எனக்குச் சொன்ன முதல் வசனம் ஒரு ஏச்சு. நான் உடனே எழுந்து நின்றேன். கமராவுக்கு என் வயிறுதான் தெரிந்திருக்கும். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் விசாரணை நடந்தது. "இண்டைக்கு ஆற்ற கதிரையில இருந்து சாப்பிட்டனீங்கள்? ஆர் பக்கத்தில இருந்தவை?" நான் கதை கட்டினேன். நார்த்மீட்டில் ஒரு அங்கிள் வீட்டில், பெரிய கதிரை, பக்கத்தில் அன்ரி, அவர்களுடைய நாய் என்று ஊரையே கூட்டிவைத்தேன். ஆட்களைக் கூட்டினால்தான் அவள் சந்தோஷப்பட்டாள். உண்மையில் அந்தப் பதினான்கு மாதமும் எனக்குச் சாப்பாட்டில் பக்கத்துணை என் அறைச் சுவர்தான்.

அவர்களுக்கு விசா வந்தது. ஒரு சிறிய வீடு வாடகைக்கு எடுத்தேன். கட்டில்கள், போர்வைகள், நாலு கோப்பை, நாலு பல்துலக்கி, பெரிய சோற்றுப் பானை எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கினேன். விமான நிலையத்திலிருந்து வந்ததும் அபி ஒவ்வொரு அறையாகப் புகுந்து பார்த்தாள். குசினியில் போய் நின்றுவிட்டாள்.

"அம்மா, இஞ்ச ஒரு கதிரைதான் இருக்கு."

வதனி வந்து பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பழைய அறையில் நான் இருந்து சாப்பிட்ட அந்த ஒற்றைக் கதிரையைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, இன்னொன்று தேவை என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. "அந்த அங்கிள், அன்ரி..." என்று தொடங்கிய வதனி என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பிறகு தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, ஒன்றையும் கழுவாமல், எனக்கு முதுகு காட்டி நெடுநேரம் நின்றாள்.

அபிதான் முடிவெடுத்தாள். "அப்பா, நீங்கள் இருங்கோ" என்றாள். நான் இருந்தேன். அவள் என் மடியில் ஏறி இருந்துகொண்டு தட்டைக் கொண்டுவரச் சொன்னாள்.

இப்போது எங்கள் வீட்டில் இருபத்தொரு கதிரைகள். நகரசபைக்காரர் ஏற்றிக்கொண்டு போகச் சனங்கள் தெருவோரம் வைக்கும் பழைய சாமான்களில் கதிரை ஒன்றைக் கண்டால் என்னால் காரை நிறுத்தாமல் போக முடிவதில்லை. வதனி ஏசி ஏசிக் களைத்துவிட்டாள். யாராவது வீட்டுக்கு வந்து, எதில் இருப்பது என்று தெரியாமல் தயங்கி நின்றால், இப்போது பெரிய பெண்ணாகிவிட்ட அபி ஒன்றை இழுத்துப் போடுவாள்.

"இருங்கோ அன்ரி, பயப்பிடாதேங்கோ. இதைக் கேட்டு ஒரு கரடியும் வராது."