மைக்கைக் கையில கொடுத்தது அவங்க தப்பு

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை. அன்னிக்கு எனக்கு இருந்தது சின்ன வேலைதான். தாம்பரத்துல ஒரு தியேட்டருக்குப் போய் காலைக் காட்சி பார்க்கணும். வெளியே வரும்போது மைக் நீட்டுறவங்ககிட்ட "படம் சூப்பர்"னு சொல்லணும். வர்ற வழியில கொத்தமல்லி வாங்கணும்.

கொத்தமல்லி வாங்கினேன்.

எல்லாம் என் பையன் சாமுவுக்காகத்தான். சினிமாவுல எடிட்டிங் பண்றான். எடுத்து வச்ச படத்துல வேண்டாததை வெட்டி, வேண்டியதை ஒட்டுற வேலை. இத்தனை வருஷமா யார் யாருக்கோ அசிஸ்டென்ட்டா இருந்து, இப்பத்தான் திரையில அவன் பேர் தனியா வருது. இந்தப் படம் ஓடினா டைரக்டர் அடுத்த படமும் தர்றதா சொல்லியிருக்காராம். ஓடலைன்னா மறுபடியும் கல்யாண வீடியோதான்.

"அம்மா, வெளிய யூடியூப்காரங்க நிப்பாங்க. நீ யாருன்னு சொல்லிடாதே. படம் சூப்பர்னு ரெண்டே வார்த்தை. சொல்லிட்டு நடையைக் கட்டு."

"ரெண்டு வார்த்தைதானே? சொல்லிட்டாப் போச்சு."

"ரெண்டுதாம்மா!"

"சரிடா!"

துணைக்கு எஸ்தர் அக்காவைக் கூட்டிக்கிட்டேன். எங்க சபையில, பெண்கள் ஐக்கியத்துல எனக்கு மூத்தவங்க. தியேட்டர் பக்கம் போயே பல வருஷம் ஆச்சாம். சிட்லபாக்கத்துல ஆட்டோ ஏறினதும், படம் நல்லா ஓடணும்னு ரெண்டு பேரும் கண்ணை மூடி ஜெபம் பண்ணினோம். ஆட்டோக்காரர் கண்ணாடியில பார்த்துட்டு, "இன்னாம்மா, நான் மெதுவாத்தானே ஓட்டினு போறேன்?"னு கேட்டார்.

படம் ஆரம்பிச்சுது. சாமு பேர் வந்ததும் கை தட்டினேன். மொத்த தியேட்டர்லயும் நான் ஒருத்திதான் தட்டினேன். எஸ்தர் அக்கா அவங்க பங்குக்கு "ஸ்தோத்திரம்!"னு சத்தமா சொன்னாங்க. முன் சீட்டுப் பையன் திரும்பி, "இன்னும் ஹீரோவே வரலையே ஆன்ட்டி"ன்னான்.

ஹீரோ வந்தான். காதலி விட்டுட்டுப் போனா. மழை வந்துச்சு. ஹீரோ மழையில நடந்தான்.

நடந்தான்.

நடந்துகிட்டே இருந்தான்.

'ஒரு குடை வாங்கக் கூடாதா இந்தப் பிள்ளை'ன்னு நினைச்சது வரைக்கும் ஞாபகம் இருக்கு. அப்புறம் எஸ்தர் அக்கா விலாவுல இடிச்சாங்க. கண்ணைத் திறந்தா, அவன் இன்னும் நடந்துகிட்டிருக்கான்!

"எவ்வளவு நேரம்க்கா தூங்கினேன்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நானே இப்பத்தான் முழிச்சேன்."

ஒரு வழியா படம் முடிஞ்சு வெளியே வந்தோம். வாசல்ல கேமரா, மைக், கூட்டம். எங்களுக்கு முன்னாடி போனவங்க எல்லாம் வாயில வந்ததைச் சொல்லிட்டுப் போறாங்க. "பேஜாரு ப்ரோ, தைலம் எடுத்துனு வாங்க"ங்கிறான் ஒருத்தன். இன்னொருத்தர் ரொம்ப நேரம் யோசிச்சு, "ஏசி நல்லா இருக்கு"ன்னார். அவர் சம்சாரம், "பாப்கார்ன்கூட பரவாயில்லை"ன்னு சேர்த்துக்கிட்டாங்க.

பெத்த பிள்ளையோட பொழைப்பாச்சே! நாமளாவது ஒழுங்கா சொல்லிடணும்னு 'படம் சூப்பர், படம் சூப்பர்'னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே போனேன்.

மைக் தம்பி சிரிச்ச முகமா, "அம்மா, படம் எப்படிம்மா இருக்கு?"ன்னு நீட்டினார்.

நான் அப்படியே குனிஞ்சு பேசியிருக்கலாம். பழக்கதோஷம், மைக்கை அவர் கையிலிருந்து வாங்கிட்டேன்.

அங்கதான் எல்லாம் போச்சு.

இத்தனை வயசுக்கு நான் மைக் பிடிச்சதெல்லாம் சபையில சாட்சி சொல்றதுக்கு மட்டும்தான். நமக்கு நடந்ததை எல்லார் முன்னாடியும் நின்னு உள்ளது உள்ளபடி சொல்றதுக்குப் பேர்தான் சாட்சி. அங்க போய் யாராவது பொய் சொல்ல முடியுமா? அந்தக் கறுப்புக் குண்டு வாய்கிட்ட வந்ததும், என் நாக்குக்குத் தியேட்டர் எது, சபை எதுன்னு தெரியலை.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம்!"னு ஆரம்பிச்சேன்.

மைக் தம்பி முழிச்சார். பக்கத்துல எஸ்தர் அக்கா கண்ணை மூடிக்கிட்டாங்க.

"இன்னிக்கு இந்தப் படத்தைப் பார்க்க கிருபை கிடைச்சுது. உண்மையைச் சொல்லணும்னா, நடுவுல நான் தூங்கிட்டேன்."

"ஆமென்!"னாங்க எஸ்தர் அக்கா.

"அந்தப் பிள்ளை மழையில நடக்க ஆரம்பிச்சப்போ தூங்கினேன். முழிச்சுப் பார்த்தா இன்னும் நடக்கிறான். அவ்வளவு நேரம் நேரா நடந்திருந்தா கேளம்பாக்கமே தாண்டியிருக்கலாம்."

"அல்லேலூயா!"

கூட்டம் சேர்ந்துடுச்சு. விசில் பறக்குது. பின்னாலிருந்து ஒருத்தன், "மச்சான், நீயும் ஆமென் போடுறா!"ங்கிறான். எல்லாரும் போட்டாங்க.

ஆமென் கூடக்கூட சாட்சி நீளும். சபைக்குப் போறவங்களுக்கு இது தெரியும்.

மைக் தம்பி அதோட விட்டிருக்கலாம். "எடிட்டிங் எப்படிம்மா?"ன்னு கேட்டார்.

சாமு சொன்னது ஞாபகம் வந்துச்சு. ஆனா கையில மைக் இருக்கே!

"எடிட்டிங் என் பையன்தான் தம்பி."

கேமரா கிட்ட வந்துச்சு.

"நல்ல பிள்ளை. ஆனா சின்ன வயசிலேருந்தே எதையும் தூக்கிப் போட மனசு வராது. பிஞ்ச செருப்பு, ஓடாத வாட்ச், தீர்ந்துபோன ரீஃபில், எல்லாம் இன்னும் அவன் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு. படத்தையும் அப்படியே வச்சிருக்கான். எல்லாரும் அவனுக்காக ஜெபிச்சுக்கோங்க."

"ஆமென்!" ஜி.எஸ்.டி. ரோட்டுக்கே கேட்டிருக்கும்.

நிம்மதியா கொத்தமல்லி வாங்கிட்டு வீட்டுக்கு வந்தேன். சாட்சி சொன்னா வர்ற நிம்மதி.

மத்தியானம் பொண்ணு போன் பண்ணினா. "அம்மா, எங்க ஆபீஸ் கேன்டீன்ல எல்லாரும் உன்னைத்தான் பார்த்துகிட்டிருக்காங்க. 'எடிட்டரோட அம்மாவே கழுவி ஊத்திட்டாங்க'ன்னு போட்டிருக்கான்!"

"ஐயோ, நான் ஜெபம்தானேடி கேட்டேன்!"

"அதுக்குக் குறையே இல்லை. கமென்ட் முழுக்க ஆமென்தான்."

சாயங்காலம் சாமு வந்தான். என் முகத்தைப் பார்க்கலை. நேரா ரூமுக்குப் போனான். கட்டிலுக்கு அடியில இருந்ததையெல்லாம் ஒரு சாக்குல அள்ளிட்டு வந்து வாசல்ல வச்சான்.

"எதுக்குடா இப்போ?"

"அந்த வாட்சை ஒரு தடவை காட்டச் சொல்லி கேக்குறாங்கம்மா. தெரியாதவங்கள்லாம்!"

அப்புறம் சோபாவுல தொப்புன்னு உட்கார்ந்தான். "அந்த மழையை வெட்டலாம்னு நான் டைரக்டர்கிட்ட கெஞ்சாத நாள் இல்லை. அதுதான் படத்தோட உயிர்னுட்டார். இப்போ ஊரே என்னைத் திட்டுது. இனிமே எவன்மா வேலை கொடுப்பான்?"

இதை முன்னாடியே சொல்லியிருந்தா சாட்சியில சேர்த்திருப்பேனே! ஆனா அதைச் சொல்ற நேரம் இல்லை அது. உள்ளே போய் முழங்கால்ல நின்னேன். "ஆண்டவரே, என் வாயை என்ன பண்ணினா தகும்?"

பதில் வர்றதுக்குள்ள டைரக்டர் போன் வந்துடுச்சு. சாமு ஸ்பீக்கர்ல போட்டான்.

"அம்மா, எந்த இடத்துல தூங்குனீங்க? கரெக்டா சொல்லுங்க."

"தூங்கினவளுக்கு எப்படி சார் தெரியும்?"

"சரி, தூங்குறதுக்கு முன்னாடி கடைசியா என்ன பார்த்தீங்க?"

"மழை."

"எழுந்ததும்?"

"அதே மழைதான் சார்."

"கூட ஒருத்தங்க இருந்தாங்களே, அவங்களைக் கேளுங்க."

"அவங்களும் தூங்கிட்டாங்க சார்."

டைரக்டர், "சாமு, வெட்டிடு"ன்னார்.

அன்னிக்கு ராத்திரியே சாமு மழையை வெட்டி தியேட்டருக்கெல்லாம் புதுசா அனுப்பிட்டான். சனி ஞாயிறு கூட்டம் வந்துச்சு. படத்துக்காக இல்லை, ஆன்ட்டி தூங்கின சீன் எதுன்னு பார்க்க. வந்து பார்த்தா அந்த சீனே இல்லை! "ஆன்ட்டி சீனைப் போடு!"ன்னு கத்தினாங்களாம். அந்தக் கூட்டத்துல படம் தப்பிச்சு கரை ஏறிடுச்சு. நல்ல படம்னு மட்டும் யாரும் சொல்லலை. நானும் சொல்லலை.

போன வாரம் டைரக்டரே வீட்டுக்கு வந்தார். காபி குடிச்சுட்டு, "அடுத்த படமும் சாமுதான்மா"ன்னார்.

நான் ரெண்டு கையையும் தூக்கிட்டேன். "ஸ்தோத்திரம்!"

"இருங்கம்மா, ஒரு கண்டிஷன். ரிலீஸ் அன்னிக்கு நீங்க தாம்பரத்துல இருக்கக் கூடாது."

"அதுக்கென்ன சார், செங்கல்பட்டுல தங்கச்சி வீடு இருக்கு."

"அங்கயும் தியேட்டர் இருக்கேம்மா."

"திருநெல்வேலியில நாத்தனார்..."

"அங்கயும் மைக் இருக்கும்மா. எருசலேம், பெத்லகேம்னு எங்கயாவது போயிட்டு வாங்க. தயாரிப்பாளர் டிக்கெட் போட்டுடுறேன்னு சொல்லிட்டார்."

பாஸ்போர்ட்டுக்கு அப்ளை பண்ணியிருக்கேன்.