நடுமாடியில் நிற்காத லிஃப்ட்

உங்கள் தெருவில் ஒருவர் இருப்பார். இல்லையென்றால் உங்கள் வீட்டிலேயே இருப்பார். நடுமாடியில் நிற்காத லிஃப்ட் என்று அந்த இனத்துக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். கீழே இறங்கினால் உடம்புக்குள் இருக்கும் செல் வரை இறங்குவார். மேலே ஏறினால் உயிர்க்கோளம் வரை ஏறுவார். நடுவில் மனுஷன், மனுஷி என்று ஒரு மாடி இருக்கிறதே, அங்கே மட்டும் கதவு திறக்காது.

எங்கள் எதிர்வீட்டு உயிரியல் வாத்தியார் இதில் அசல் ரகம். மகன் பரீட்சையில் கோட்டை விட்டால் மூளைத் திசு இன்னும் முதிரவில்லை என்பார். குப்பைக் கூடை நிரம்பி வழிந்தால் சூழல் மண்டலமே சீர்கெட்டுக் கிடக்கிறது என்பார். மாமியார் வந்து இரண்டு நாள் தங்கினால், ஒரே இடத்தில் உயிரினத் தொகை பெருகுவதன் ஆபத்தைப் பற்றி அந்த அம்மாள் காதில் விழும்படி விரிவுரை ஆற்றுவார். கூடையை யார் கொட்டுவது? அது பாடத்திட்டத்தில் இல்லை.

போன வாரம் அவர் மனைவிக்குக் கடைவாய்ப் பல் வலி. கன்னம் பன் மாதிரி உப்பிவிட்டது. பிடுங்கத்தான் வேண்டும் என்றுவிட்டார் டாக்டர். அவளுக்கு ஊசி என்றாலே ஆகாது.

"ஏங்க, கூட வாங்களேன். பயமா இருக்கு."

"பயம்னா என்ன? அட்ரினல் சுரப்பி வேலை செய்யுது, அவ்வளவுதான். வீங்கினா சந்தோஷப்படு. வெள்ளை அணுக்கள் போராடுது!"

"அதுங்க போராடட்டும். நீங்க வந்து பக்கத்துல உக்காருங்க."

"உலகத்துல உனக்கு மட்டுமா பல்லு? சுறாவை எடுத்துக்கோ, விழ விழ முளைக்கும்..."

அவர் சுறாவை எடுத்துக்கொண்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். பல் டாக்டரின் நாற்காலியில் அவள் என் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் விரலில் பதிந்துபோனது.

திரும்பி வந்தோம். வாத்தியார் வாசலிலேயே நின்றார்.

"வந்துட்டியா? பசி உயிர் போகுது. சாப்பாடு எங்க?"

அவள் வாயில் பஞ்சு. ஒரு விரலால் தரையைக் காட்டினாள். அதே விரலால் வானத்தைக் காட்டினாள். உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

"என்னம்மா சொல்றா இவ?" என்று என்னைக் கேட்டார்.

"செல்லுக்குள்ள பாருங்க, இல்லேன்னா உயிர்க்கோளத்துல பாருங்கங்கிறா சார்."

சிரிக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். 'எல்லாம் மூளை ரசாயனம் செய்கிற வேலை' என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால் கீழே இறங்கிவிட்டீர்கள். 'புருஷ சமுதாயமே இப்படித்தான்' என்று தோன்றியிருந்தால் மேலே ஏறிவிட்டீர்கள். இதற்குள் உங்கள் வீட்டில் யாரோ உங்களை இரண்டு தடவை கூப்பிட்டாயிற்று.

காதில் விழுந்ததா?