ஏரியில் விட்ட இரண்டு கெளுத்திகள்

விவேக் நகர், பெங்களூர்
12.11.2001

அன்பும் மரியாதையும் நிறைந்த டெரிக் மாமாவுக்கு,

மைத்துனன் ஓஸ்வால்ட் பணிவோடு எழுதுவது. குழந்தை யேசுவின் அருளால் நானும் மௌரீனும் உடல் சுகம். ஐரின் அக்காவின் முட்டிவலியும் உங்கள் சர்க்கரையும் குறையச் செபிக்கிறோம். மற்றபடி இங்கே நல்ல சேதி ஒன்றுமில்லை. காட்பாடி வீட்டுப் பின்னறையை ஒழித்து வையுங்கள். நான் இந்த ஊரை விட்டே வந்துவிடுகிறேன்.

நான்கு வருஷத்துக்கு முன் சிவாஜிநகர் மார்க்கெட்டில் இரண்டு ஆப்பிரிக்கக் கெளுத்தியை உயிரோடு வாங்கி வந்தேன். மீசையும் முறைப்புமாக அவை வாளியில் கிடந்ததைப் பார்த்த மௌரீன் அரிவாள்மனையைக் கீழே வைத்துவிட்டாள். “ஏங்க, எங்க ஹெட்மாஸ்டர் மாதிரியே பாக்குதுங்க. என்னால முடியாது.” நானும் மனமிரங்கி எங்கள் ஏரியில் விட்டுவிட்டேன். புண்ணியம் என்று நினைத்தேன் மாமா! ஏரியில் அந்தச் சாதி பெருகிப் போய் ரோகுவைத் தின்றது, கெண்டையைத் தின்றது, தவளையைத் தின்றது, நீர்க்கோழிக் குஞ்சைக் காலைப் பிடித்து இழுத்தது. இந்த லட்சணத்தில் ஏரிப் பாதுகாப்புச் சங்கத்துக்குச் செயலாளர் யார்? நான்தான். தூண்டில் போட்டோம், புழு தீர்ந்தது, மீன் தீரவில்லை. மதகைத் திறந்து தண்ணீரை வடித்தால் செத்துவிடும் என்று நானே யோசனை சொன்னேன். வடித்தோம். மிச்சமிருந்த நாலு கெண்டைதான் செத்தது. கெளுத்தி சேற்றில் புதைந்து சுகமாகக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு கிடந்தது. வெள்ளிக்கிழமை மழை கொட்டியதும் கிளம்பிவிட்டது. தார் ரோட்டில், மாமா, நெளிந்து நெளிந்து! பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கண்டக்டர் இறங்கி வழி ஒதுக்கினார்.

நேற்றுச் சங்கக் கூட்டம். “இந்தச் சனியன ஏரில விட்டது யாரு?” என்று பவுலின் டீச்சர் கேட்டார். எழுந்து, “நான்தாங்க. ரெண்டு” என்றேன். பின்வரிசையில் அனந்தலக்ஷ்மி மாமி கையைத் தூக்கினார். “நான் மூணு விட்டேன். தோஷம் போயிடும்னு ஜோசியர் சொன்னார்.” வலை போடும் முனியப்பன் தலையைச் சொறிந்தார். “சீக்கிரம் வளரும்னாங்க சார். நான் ஒரு டிரம்மு.” அப்புறம் வரிசையாகக் கைகள். கடைசியில் பவுலின் டீச்சரே, “ஸ்கூல் தொட்டில ரொம்பப் பெருசாயிடுச்சு... ஒண்ணே ஒண்ணு” என்று உட்கார்ந்துவிட்டார்.

என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆளுக்குக் கொஞ்சமாய் நாங்கள் எல்லோருமே கெடுத்திருக்கிறோம். யாரை யார் திட்டுவது? இந்த ஏரியில் இனி ஒரு கெண்டை துள்ளுவதை நான் பார்க்கப்போவதில்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அக்காவுக்கு என் தோத்திரம். பேரப்பிள்ளைகளுக்கு முத்தம். மாதா உங்கள் எல்லோரையும் காப்பாளாக.

தங்கள் மைத்துனன்,
ஓஸ்வால்ட்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் முனியப்பன் வந்தார். என் ராஜினாமாவைக் கிழித்துப் போட்டுவிட்டார்களாம். வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் மீன் விட்ட பதினோரு பேரும் சேற்றில் இறங்கிப் பிடிக்க வேண்டுமென்று முடிவாம். மாமி மட்டும் தொடமாட்டாராம். கரையில் நின்று எண்ணுவாராம். ஆகவே பின்னறையை ஒழிக்க வேண்டாம். நீங்கள் புறப்பட்டு வாருங்கள், ஒரு பழைய வேட்டியோடு.