தெரு நாய்க்கு ஒரு தெரு

அந்த ஆண்டு நகரத்தில் சோபாவின் நிறத்துக்குப் பொருத்தமாக நாய் வாங்குவது நாகரிகமாக இருந்தது. மறு ஆண்டு சோபாவின் நிறம் மாறியது. அதனால் எங்கள் வயல்வெளிப் பக்கம் காற்று வாங்க வந்த கார் ஒன்று, திரும்பிப் போகும்போது யானைத் தந்த நிறத்தில் ஒரு நாயை விட்டுவிட்டுப் போனது.

நாய் மோட்டார் கொட்டகை ஓரமாக உட்கார்ந்து, கார் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தது. யார் சோறு வைத்தாலும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. சித்திதான் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தான் ஒரு வாய், அதற்கு ஒரு வாய் என்று ஊட்டி, வீட்டுக்குக் கூட்டிவந்தாள். தலகாணி என்று பெயர் வைத்தாள். பம்புசெட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் சித்தப்பா, நமக்கே இங்கே இடமில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே அது படுக்க ஒரு சாக்கை மடித்துப் போட்டார்.

சேதி கேட்டுப் பிராணி நல அலுவலர் வந்தார். நல்ல மனிதர். விதியில் இடமில்லாமல் ஒரு கொசுவைக்கூட அடிக்கமாட்டார். நாய்கள் இருவகைப்படும் என்று அவர் விளக்கினார். வீட்டு நாய் என்றால் வாங்கிய ரசீது வேண்டும். தெரு நாய் என்றால் முறைப்படி தத்தெடுக்கலாம். இரண்டிலும் சேராத நாயை வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். எங்கே என்று சித்தி கேட்டாள். அது வேறு பிரிவு என்றார். அந்த வண்டியில் போன எந்த நாயும் திரும்பி வந்ததில்லை.

"அப்ப தெரு நாய்னே போட்டுக்கோங்க சார்" என்றாள் சித்தி.

அலுவலர் வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். வரப்பு, வாய்க்கால், சேறு கட்டிய வண்டித்தடம்.

"தெரு எங்கம்மா?"

"தெரு இல்ல சார்."

"தெரு இல்லாத ஊர்ல தெரு நாய் எப்படிம்மா இருக்கும்?"

சித்தப்பா தலையைச் சொறிந்தார். கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. சித்திக்கு அழுகை முட்டியது. "அப்ப ஒரு தெரு போட்டுக் குடுங்க" என்றாள்.

இதைத்தான் எங்கள் ஊர் வெகுகாலமாகக் கேட்டுவந்தது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்காகக் கேட்டோம். பிரசவ வலி கண்டவர்களுக்காகக் கேட்டோம். பரிசீலனையில் இருந்தது. மனிதர்களுக்கு என்று கேட்டதுதான் தவறு என்று எங்களுக்குத் தோன்றவில்லை. அப்போது மேலிடத்தில் பிராணிநேயம் புது நாகரிகமாக வந்திருந்தது. உயரதிகாரிகள் ஆளுக்கொரு நாய்க்குட்டியைத் தூக்கிவைத்துக்கொண்டு படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே 'தெரு நாய் வாழ்வுரிமைத் தெருத் திட்டம்' உதயமாகி, அறுவடை முடிவதற்குள் எங்கள் ஊருக்குத் தார் வந்தது, விளக்குக் கம்பம் வந்தது. பால்காரர் சைக்கிளை உருட்டாமல் ஓட்டிக்கொண்டே வந்தார். பள்ளிக்கூட டீச்சர் சேலையில் சேறு படாமல் நடந்தார். தலகாணியைத் தடவிக்கொடுக்காமல் யாரும் வீட்டைத் தாண்டிப் போகவில்லை.

திறப்பு விழாவுக்குச் சித்தி அதைக் குளிப்பாட்டிக் கூட்டிவந்தாள். தத்து விஷயத்தை அலுவலரிடம் நினைவுபடுத்தினாள். அவர் முகம் வாடிப்போனது.

"தத்து குடுத்தா இது வீட்டு நாய் ஆயிடும்மா. அப்புறம் தெருவுல நாய் இருக்காது. பயனாளி இல்லாத தெருவை ரத்து பண்ணிடுவாங்க."

ஆகவே தலகாணி இனி எந்த வீட்டு வாசற்படியும் ஏறாமல், வெயிலிலும் மழையிலும் தெருவிலேயே வாழ்ந்து தெருவைக் காப்பாற்ற வேண்டும். ஊர் முழுக்கச் சித்தியைப் பார்த்தது. சித்தி பதற்றப்படாமல், உங்கள் வீடுகளிலும் நாய் இருக்கிறதே, அதில் ஒன்றைத் தெருவில் விடுங்கள் என்றாள். பால்காரரின் நாய்க்குப் பனி ஆகாதாம். டீச்சர் வீட்டு நாய் ரொம்பக் கூச்ச சுபாவமாம்.

"இதுக்கு மட்டும் பனி ஆகுமா?" என்றாள் சித்தி.

"இது தெருவுல கிடைச்சதுதானேக்கா" என்றார் பால்காரர்.

"அன்னிக்கு இங்க தெருவே இல்லையேப்பா."

அலுவலர் நிமிர்ந்தார். அன்று தெரு இல்லையென்றால் இது தெரு நாயே இல்லை. தெரு நாயே இல்லாத ஊருக்குத் தெரு போட்டது தவறு. நாயும் வண்டியில் ஏற வேண்டியதுதான். அவர் உரக்க யோசித்த வேகத்தைப் பார்த்து ஊரே அவரைச் சூழ்ந்துகொண்டது. பால்காரர் முந்திக்கொண்டார்.

"அக்கா ஏதோ மறந்துபோய்ப் பேசறாங்க சார். தெரு அப்பவே இருந்துச்சு."

"எப்பலேர்ந்து?"

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து" என்றார் டீச்சர். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக்கூடாது என்று பாடம் நடத்துகிறவர் சொன்னதால் எல்லோரும் ஆமாம் போட்டார்கள். சித்தப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சித்தி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அலுவலர் கண்ணை மூடி யோசித்து முடிவைச் சொன்னார். ஊரில் தொன்றுதொட்டு ஒரு தெரு இருந்துவருவதால் இது ஐயத்துக்கு இடமின்றித் தெரு நாய். தத்து கொடுக்கத் தடையில்லை. ஏற்கெனவே தெரு உள்ள ஊருக்குத் திட்டத்தில் இன்னொரு தெரு கிடையாது. ஆதலால் புதுத் தெரு பெயர்த்தெடுக்கப்படும்.

போடுவதற்கு ஆன நேரம்கூடப் பெயர்ப்பதற்கு ஆகவில்லை. விளக்குக் கம்பத்தையும் பத்திரமாகப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

இப்போது தலகாணி சட்டப்படி சித்தியின் நாய். மழை பெய்தால் பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். போன மாதம் டீச்சர் தலைமையில் ஊரே திரண்டு அலுவலகத்துக்குப் போய், ஒரு தெரு வேண்டும் என்று கேட்டோம். அலுவலர் எங்களை மறந்திருக்கவில்லை. அன்போடு உட்காரவைத்தார்.

"உங்களுக்குத்தான் தாத்தா காலத்துத் தெரு இருக்கே" என்றார். "பழசாயிடுச்சுன்னு அதைக் கைவிட்டுடாதீங்க."